தீவுப் பல்லிங்களும் எவல்யூஷனும்: மொதல்ல பழக்கம் மாறும், உடம்பு அப்புறம்தான்

எவல்யூஷன்னு பேச்சு எடுத்தாலே டைனோசர், குரங்கு, கோடிக்கணக்கான வருஷம்னு போயிடறோம். ஆனா அதை நேர்ல பார்த்து, ஸ்கேல் வெச்சு அளந்து, எக்ஸ்பெரிமென்ட்டே பண்ணிப் பார்க்கணும்னா சயின்டிஸ்ட்டுங்க நெறைய பேர் கெளம்பிப் போறது கரீபியன் பக்கம் இருக்கற குட்டித் தீவுங்களுக்குத்தான். அங்க அவங்க தேடிப் போறது அனோல்னு ஒரு பல்லி. வாலை விட்டுட்டு அளந்தா பெரும்பாலான இனங்க நம்ம விரல் நீளம்கூட தாண்டாது. மொத்தம் ஏறக்குறைய 400 இனம் இருக்கு, கரீபியன் தீவுங்கள்ல மட்டுமே 150க்கு மேல.

பார்க்கறதுக்கு நம்ம வேலியில உக்காந்திருக்கற ஓணானோட சின்ன சைஸ் மாதிரி இருக்கும், ஆனா நெருங்குன சொந்தம் கெடையாது. ஆணுக்கு தாடைக்குக் கீழ ஒரு தோல் மடிஞ்சு கெடக்கும், வேணும்கறப்போ அதை விசிறி மாதிரி விரிக்கும், செவப்பு, மஞ்சள், ஆரஞ்சுன்னு இனத்துக்கு இனம் கலர் வேற. கூடவே முன்னங்காலை ஊனி தண்டால் எடுக்கும். "இது என் எடம், வராதே"ன்னு இன்னொரு ஆணுக்கும், "நான் இங்க இருக்கேன்"னு பெண்ணுக்கும் சொல்றதுக்குத்தான் இவ்ளோ அலப்பறை. இதே விசிறி டெக்னிக் இந்தியாவுலயும் இலங்கையிலயும் காய்ஞ்ச நெலத்துல ஓடற விசிறித்தொண்டை ஓணானுக்கும் இருக்கு, ரெண்டும் தனித்தனியா கண்டுபிடிச்ச வித்தை.

புவேர்ட்டோ ரிக்கோவுல இருக்கற கிறிஸ்டடெல்லஸ்ங்கற அனோல் பாம்பைப் பார்த்தாலும் தண்டால் எடுக்கும். ஓடாம எதுக்கு தண்டால்? மனுவல் லியால்ங்கறவர் 1990கள்ல இதை டெஸ்ட் பண்ணாரு. அதிகமா தண்டால் எடுக்கற பல்லிதான் ஓடவிட்டாலும் அதிக நேரம் களைக்காம ஓடுது. அதாவது "உன்னைப் பார்த்துட்டேன், என்னைத் தொரத்துனா உனக்குத்தான் டைம் வேஸ்ட்"னு பாம்புக்கு சொல்லுது, அதுவும் பொய் சொல்ல முடியாத மாதிரி, ஏன்னா தெம்பு இல்லாதவன் அத்தனை தண்டால் எடுக்க முடியாது. எனக்கு அனோல் மேல ஆர்வம் வந்ததே இந்த ஒரு விஷயத்தாலதான்.

சரி, ஏன் தீவு? பெரிய நெலப்பரப்புல நூறு விஷயம் ஒரே நேரத்துல நடக்கும், எது எதுக்கு காரணம்னு பிரிக்க முடியாது. தீவுல எல்லை கடலே போட்டுக் குடுத்துடுது, இருக்கற ஜீவராசியும் கம்மி, பக்கத்துலயே அதே மாதிரி இன்னும் பத்து தீவு இருக்கும், சிலதுல ஒரு மாத்தத்தை பண்ணிட்டு மத்ததை சும்மா விட்டுட்டு ஒப்பிடலாம். பல்லிங்க தீவுக்கு எப்படிப் போச்சுங்கறது தனிக் கதை, மரக்கட்டை மேல மெதந்துதான். சும்மா ஊகம்னு நெனைக்காதீங்க, 1995ல லூயிஸ், மேரிலின்னு ரெண்டு புயல் அடிச்சதுக்கு அப்புறம் அங்குவிலா தீவுக் கரையில வேரோட சாஞ்ச மரங்க குவியலா ஒதுங்குச்சு, அது மேல குறைஞ்சது 15 பச்சை இகுவானா (இதுவும் பல்லி வகைதான், ஆனா பெருசு) உக்காந்து வந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்தத் தீவுல பச்சை இகுவானாவே கெடையாது.

கியூபா, ஹிஸ்பானியோலா, ஜமைக்கா, புவேர்ட்டோ ரிக்கோ, இந்த நாலும் அந்தப் பக்கத்துப் பெரிய தீவுங்க. இங்க ஒரே மரத்துல வேற வேற உயரத்துல வேற வேற அனோல் குடியிருக்கும். மர அடிப்பக்கத்துல தலைகீழா உக்காந்து தரையையே பார்த்துக்கிட்டு, பூச்சி போனா இறங்கிப் பிடிக்கற ஆளுக்கு பின்னங்கால் நீளம். குச்சி மாதிரி ஒல்லிக் கெளையில மெதுவா ஊர்ந்து போற ஆளுக்கு கால் கட்டை, உடம்பு ஒல்லி, கலரும் மரப்பட்டை கலர். உச்சியில இலைக்குள்ள இருக்கறதுக்கு விரலுக்கு அடியில ஒட்டற பட்டை நல்லா அகலம். அதுக்கும் மேல ராட்சச அனோல்னு ஒண்ணு, கியூபாவுல இருக்கறது வாலோட சேர்த்தா அரை மீட்டர் கிட்ட வரும். புல்லு, புதர்ல இருக்கறது ஒரு வகை, நடுத்தண்டுல இருக்கறது ஒரு வகை, ஆக மொத்தம் ஆறு டைப். எர்னஸ்ட் வில்லியம்ஸ்ங்கற ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர் 1972ல இதுக்கு எக்கோமார்ஃப்னு பேர் வெச்சாரு. கியூபாவுலயும் ஹிஸ்பானியோலாவுலயும் ஆறும் உண்டு, புவேர்ட்டோ ரிக்கோவுல அஞ்சு, ஜமைக்காவுல நாலு.

கியூபாவோட குச்சி அனோலையும் ஜமைக்காவோட குச்சி அனோலையும் பக்கத்துல வெச்சா அண்ணன் தம்பின்னு சொல்லுவோம். ஆனா 1998ல ஜொனாதன் லோசோஸ் டீம் டிஎன்ஏ பார்த்தப்போ, ஜமைக்கா குச்சி அனோலுக்கு ஜமைக்காவுல இருக்கற மத்த டைப்புங்கதான் நெருங்குன சொந்தம். ஒவ்வொரு தீவும் தனித்தனியா, கிட்டத்தட்ட அதே செட்டை திரும்பத் திரும்ப உருவாக்கியிருக்கு. ஹிஸ்பானியோலா தீவோட டொமினிகன் பக்கம் கெடைக்கற ஆம்பர் கல்லுக்குள்ள (பழங்காலத்து மரப்பிசின் கெட்டியானது) மாட்டிக்கிட்ட அனோல்ங்களை ஸ்கேன் பண்ணி 2015ல ஒரு பேப்பர் வந்துச்சு, 1.5 முதல் 2 கோடி வருஷப் பழசு, அப்பவே இந்த டைப்புங்கள்ல பலது இருந்திருக்கு.

கால் நீளத்துக்கும் கெளைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, அதையும் ஓடவிட்டுப் பார்த்துட்டாங்க. நீளக் கால் பல்லி அகலமான பரப்புல செம்ம ஸ்பீடு, அதையே ஒல்லிக் குச்சியில விட்டா தடுமாறும், வழுக்கும். கட்டைக் கால் பல்லி எங்க விட்டாலும் ஸ்பீடு கெடையாது, ஆனா ஒல்லிக் குச்சியில விழாம போகும். இது மனசுல இருக்கட்டும், அடுத்து வர்றது மொத்தமும் இதை வெச்சுதான்.

புதுசா படிக்கறவங்க நெறைய பேர் மாட்டிக்கற ஒரு எடம் இருக்கு. "பல்லி கெளையில ஏற ஆரம்பிச்சுது, அதனால கால் சின்னதாச்சு"ன்னு சொல்லுவாங்க. எந்த ஒரு பல்லியும் தன் காலை அப்படி குட்டையாக்கிக்கல. ஒரு கூட்டத்துல கொஞ்சம் நீளக் கால், கொஞ்சம் கட்டைக் கால்னு ஏற்கனவே கலந்து இருக்கும், சூழ்நிலை மாறுனா ஒரு பக்கத்து ஆளுங்க அதிகமா சாவாங்க, மிச்சம் இருக்கறவங்க முட்டை போடுவாங்க, கால் நீளம் அம்மா அப்பாகிட்ட இருந்து வர்ற விஷயமா இருந்தா அடுத்த தலைமுறையோட சராசரி நகரும். அவ்ளோதான் நேச்சுரல் செலக்ஷன். யார் சாவாங்கங்கறதை பல்லியோட பழக்கம் தீர்மானிக்குது, அந்தப் பாயின்ட்டைத்தான் ஸ்கூல் புக்ல சரியா சொல்றதில்லை.

இதுக்கு இருக்கறதுலயே பெஸ்ட் உதாரணம் பஹாமாஸ்ல, அபாக்கோ பக்கம் பண்ண எக்ஸ்பெரிமென்ட். லோசோஸ், தாமஸ் ஷோனர், டேவிட் ஸ்பில்லர் டீம். 12 குட்டித் தீவு எடுத்துக்கிட்டாங்க, எல்லாத்துலயும் சாக்ரெய்ங்கற ப்ரவுன் அனோல் இருக்கு. ஒவ்வொரு பல்லியையும் பிடிச்சு, அடையாளம் போட்டு, காலை அளந்து, திருப்பி விட்டாங்க. பிடிக்கறது எப்படின்னா நீளமான கம்பு நுனியில சுருக்கு மாட்டி கழுத்துல போட்டு இழுக்கறது, நம்ம ஊர்ல பசங்க ஈர்க்குச்சியில சுருக்கு போட்டு ஓணான் பிடிப்பாங்களே அதே டெக்னிக், இவங்களுக்கு அதுக்கு சம்பளம் வருது. 2003 மே மாசம் ஆறு தீவுல மட்டும் சுருள்வால் பல்லின்னு ஒண்ணைக் கொண்டுபோய் விட்டாங்க. அது பெருசு, தரையில திரியும், சின்னப் பல்லியைப் பிடிச்சுத் தின்னும், ஆனா ஒல்லிக் கெளையில ஏறத் தெரியாது. புயலடிச்சப்புறம் அது தானாவே புதுத் தீவுங்கள்ல போய் சேர்றது அந்தப் பக்கத்துல நடக்கறதுதான், அதனால இது இயற்கைக்கு ரொம்ப மாறான வேலைன்னு சொல்ல முடியாது.

அதுக்கு முன்னாடி ப்ரவுன் அனோல்ங்க தரையிலயும் மரத்தோட அடிப்பக்கத்துலயும் தான் அதிகம். ஆறு மாசம் கழிச்சு நவம்பர்ல போய் எண்ணிப் பார்த்தப்போ சுருள்வால் இருக்கற தீவுல நெறைய அனோல் காலி. தப்பிச்சது யாருன்னு அளவு எடுத்து வெச்ச லிஸ்ட்ல பார்த்தா, பின்னங்கால் நீளமானவங்க. தரையில ஒருத்தன் தொரத்தறான்னா வேகமா ஓடறவன் பொழைக்கறான், இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ஆனா அதே ஆறு மாசத்துல மிச்சம் இருந்தவங்க தரையை விட்டுட்டு மேல ஒல்லிக் கெளைக்கு குடிபோக ஆரம்பிச்சிட்டாங்க. 2004 மே மாசம் திரும்பப் போய் பார்த்தா ரிசல்ட் அப்படியே தலைகீழ். இந்த ரெண்டாவது ஆறு மாசத்துல பொழைச்சது கட்டைக் கால் ஆளுங்க! அதே தீவு, அதே எதிரி, அதே பல்லிக் கூட்டம், நடுவுல மாறுனது எங்க உக்காரணும்கற பழக்கம் ஒண்ணுதான், அதுக்கே செலக்ஷன் யூ-டர்ன் அடிச்சிடுச்சு. 2006ல சயின்ஸ் பத்திரிகையில வந்துச்சு. இதுல இன்னொண்ணும் கவனிக்கணும், அவங்க வருஷக் கடைசியில மட்டும் போய் அளந்திருந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுட்டு "பெருசா எதுவும் நடக்கல"ன்னு எழுதிட்டு வந்திருக்க வாய்ப்பு இருக்கு.

இது ஒரே தலைமுறைக்குள்ள யார் செத்தாங்கங்கற கணக்குதான், உடம்பு நெஜமாவே மாறுச்சான்னு காட்டல. அதுக்கு ஃபுளோரிடா போகணும். மொஸ்கிட்டோ லகூன்ங்கற உப்பங்கழியில, கப்பல் வழிக்காக மண்ணைத் தோண்டிக் கொட்டி உருவான செயற்கைத் தீவுங்க இருக்கு. அங்க பச்சை அனோல்ங்க இருந்துச்சு. 1995ல சில தீவுங்கள்ல மட்டும் கியூபா, பஹாமாஸ் பக்கத்துல இருந்து வந்து ஃபுளோரிடாவுல பரவியிருந்த ப்ரவுன் அனோலை விட்டாங்க. சில மாசத்துலயே பச்சை அனோல்ங்க கீழ் எடத்தை விட்டுக் குடுத்துட்டு மேல போயிடுச்சு. மேல கெளை ஒல்லி, இலை வழவழப்பு, அங்க ஒட்டறதுக்குப் பிடிப்பு வேணும். யோயல் ஸ்டூவர்ட் டீம் 15 வருஷம், அதாவது சுமார் 20 தலைமுறை கழிச்சுப் போய் பார்த்தப்போ, ப்ரவுன் அனோல் இருக்கற தீவுல பச்சை அனோலோட விரல் பட்டை பெருசாவும் அதுல இருக்கற மடிப்பு அதிகமாவும் இருந்துச்சு. ஒருவேளை மேல வளர்ந்ததால அந்தப் பல்லிக்கு மட்டும் அப்படி ஆச்சோன்னு சந்தேகம் வரும், அதனால ரெண்டு வகைத் தீவுல இருந்தும் முட்டையோட இருந்த பெண் பல்லிங்களைப் பிடிச்சுட்டு வந்து, குஞ்சுங்களை லேப்ல ஒரே மாதிரி வளர்த்தாங்க, அப்பவும் வித்தியாசம் இருந்துச்சு. 2014ல வந்த ரிசல்ட் இது.

அந்த சந்தேகம் சும்மா வர்றது இல்ல. 2000ல லோசோஸ் டீமே ப்ரவுன் அனோல் குஞ்சுங்களை ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு அகலமான பலகை, இன்னொண்ணுக்கு ஒல்லிக் குச்சி குடுத்து வளர்த்தாங்க. அகலப் பலகையில வளர்ந்ததுக்கு பின்னங்கால் கொஞ்சம் நீளமா வந்துச்சு. ஜீன்ல எதுவும் மாறாமலே கொஞ்சம் வித்தியாசம் வரும்ங்கறதுக்கு இது சாட்சி. அதனால "பத்து வருஷத்துல பல்லி மாறிடுச்சு"ன்னு யாராவது சொன்னா லேப்ல வளர்த்துப் பார்த்தாங்களான்னு மொதல்ல கேளுங்க.

இதுவரைக்கும் பழக்கம் மாறி உடம்பை இழுத்துட்டுப் போன கதை. பழக்கமே எவல்யூஷனுக்கு பிரேக் போடறதும் உண்டு. ஹிஸ்பானியோலாவுல 2000 மீட்டருக்கு மேல மலை இருக்கு, நல்லா குளிரும். கீழ சமவெளியில இருக்கற அனோல்ங்களோட சொந்தக்காரங்க அங்கயும் இருக்காங்க. குளிர் ஊர்ல இருக்கறவனோட உடம்பு குறைஞ்ச சூட்டுக்குப் பழகியிருக்கணும்னு தோணும்ல, மார்த்தா முன்யோஸ் அளந்து பார்த்தா பகல்ல ரெண்டு பேரோட உடம்புச் சூடும் கிட்டத்தட்ட ஒண்ணு, சூட்டைத் தாங்கற அளவும் பெருசா மாறல. காரணம் சிம்பிள், மேல இருக்கறவங்க மரத்தை விட்டுட்டு வெயில்ல சூடான பாறை மேல வந்து உக்காந்துக்கறாங்க. குளிரோட பிரச்சனையை எடம் மாத்தியே சமாளிச்சாச்சு, உடம்புக்கு வேலை இல்ல.

ஆனா ராத்திரி? ராத்திரியில எந்தப் பாறையும் சூடா இருக்காது, ஒளிஞ்சுக்க வழியே இல்ல, அதனால குளிரைத் தாங்கற சக்தி மட்டும் மலைப் பல்லிங்களுக்கு நெஜமாவே கூடியிருக்கு. அதுக்கு மேல இன்னொரு ட்விஸ்ட், பாறையில வாழறதுனால தலை தட்டையாவும் பின்னங்கால் குட்டையாவும் மாறிடுச்சு, பாறை இடுக்குல நுழையறதுக்கு தட்டைத் தலை வசதின்னு சொல்றாங்க. ஒரே பழக்கம் ஒரு விஷயத்தை மாற விடாம தடுக்குது, இன்னொரு விஷயத்தைத் தள்ளிவிடுது. இந்த ஆராய்ச்சி பத்தி வெளியில அதிகம் யாரும் பேசறதில்ல, எனக்கு சுருள்வால் கதைக்கு சமமாவே இது பிடிக்கும்.

எந்தப் பழக்கமும் உதவாத நேரம்னு ஒண்ணு இருக்கு, புயல். 2017ல காலின் டோனஹ்யூ டீம் டர்க்ஸ் அண்ட் கைக்கோஸ்ல பைன் கே, வாட்டர் கேன்னு ரெண்டு தீவுல ஸ்க்ரிப்டஸ்ங்கற அனோலை அளந்துட்டு வந்தாங்க. அவங்க போனது புயலுக்காக இல்ல, அங்க எலிங்களை ஒழிக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி பல்லி எப்படி இருக்குன்னு ரெக்கார்ட் பண்ணத்தான். ஊருக்குத் திரும்புன கொஞ்ச நாள்லயே செப்டம்பர்ல இர்மா, ரெண்டு வாரத்துல மரியா. எவ்ளோ பேர் உழைப்பு போச்சுன்னு உக்காந்து அழுவாங்கன்னு பார்த்தா, "அட, இது சான்ஸ்"னு திரும்ப ஓடிப்போய் அளந்தாங்க. பொழைச்ச கூட்டத்துக்கு விரல் பட்டை சராசரியா பெருசு, முன்னங்கால் நீளம், பின்னங்கால் குட்டை. பட்டை புரியுது, பின்னங்கால் ஏன் குட்டை? அதுக்கு இலை ஊதற ப்ளோயர் மெஷினைக் கொண்டுபோய், குச்சியில உக்காந்த பல்லி மேல காத்தை படிப்படியா கூட்டி வெச்சு வீடியோ எடுத்தாங்க, கீழ வலை கட்டியிருந்தாங்க, பல்லிக்கு அடி எதுவும் படல. காத்து ஏற ஏற பல்லி குச்சிக்குப் பின்னாடி போய் ஒட்டிக்குது, முன்னங்கால் கெட்டியா பிடிச்சிருக்கு, பின்னங்கால்தான் மொதல்ல பிடி நழுவி வெளிய நீட்டிக்கிட்டு காத்தை வாங்கி உடம்பையே இழுக்குது. நீளக் கால்னா அதிகக் காத்து வாங்கும். ஒண்ணரை வருஷம் கழிச்சுப் போனப்போ அடுத்த தலைமுறையும் பெரிய விரல் பட்டையோடதான் இருந்துச்சு. அப்புறம் 188 அனோல் இனங்களை எடுத்து, கடைசி 70 வருஷப் புயல் ரெக்கார்டோட வெச்சுப் பார்த்தாங்க, புயல் அதிகம் அடிக்கற எடத்து அனோலுக்கு விரல் பட்டையும் பெருசாத்தான் இருக்கு.

கரீபியனை விட்டு வெளிய ஒரே ஒரு கதை. அட்ரியாடிக் கடல்ல, இப்போ குரோஷியா. 1971ல எவியாதார் நெவோ டீம் பாட் கொபிஷ்டேங்கற தீவுல இருந்து இத்தாலியச் சுவர்ப் பல்லி அஞ்சு ஜோடியை எடுத்துட்டுப் போய் பக்கத்துல பாட் மர்ச்சாருங்கற தீவுல விட்டாங்க. அப்புறம் அந்த நாட்டு அரசியல், சண்டைன்னு ரொம்ப வருஷம் யாரும் சரியா போய் பார்க்கல. 36 வருஷம் கழிச்சு ஆந்தோனி ஹெரல் டீமோட ரிசல்ட் வந்தப்போ தீவு முழுக்க அந்தப் பத்து பேரோட வாரிசுங்க, டிஎன்ஏ பார்த்து உறுதி பண்ணாங்க. முன்னாடி அங்க இருந்த உள்ளூர்ப் பல்லி இனம் அந்தத் தீவுல காணவே காணோம், இன்னைக்கு யாரும் இப்படிக் கொண்டுபோய் விட அனுமதி வாங்க முடியாது, சரியும்தான். பூச்சி தின்ன கூட்டத்தோட சாப்பாட்டுல இப்போ வெயில் காலத்துல பாதிக்கு மேல, ஏறக்குறைய 61 சதவீதம், செடி கொடிதான், பழைய தீவுல அது 4 சதவீதம். தலை பெருசு, கடி வலுவு, குடல்ல சாப்பாட்டை மெதுவா நகர்த்தற வால்வு மாதிரி மடிப்பு வேற. எடத்துக்காகச் சண்டை போடறதும் குறைஞ்சிருக்கு. எனக்கு இதுல கொஞ்சம் தயக்கம் உண்டு, அந்தக் குடல் மாத்தம் எவ்ளோ ஜீன், எவ்ளோ சாப்பாட்டுப் பழக்கம்னு பிரிக்கறது லேசு இல்ல, "36 வருஷத்துல புது உறுப்பு"ன்னு தலைப்பு போட்டவங்க அதைப் பத்தி கவலைப்படல.

கடைசியா பயம். 2014ல 66 பல்லி இனத்தோட டேட்டாவை சேர்த்துப் பார்த்தாங்க, ஒரு ஆள் நடந்து கிட்ட வந்தா எவ்ளோ தூரத்துல இருக்கறப்போ ஓட ஆரம்பிக்குதுன்னு. நெலப்பரப்புல இருந்து தீவு எவ்ளோ தள்ளி இருக்கோ, அவ்ளோ கிட்ட வர விடுது. சும்மா சும்மா ஓடறதும் செலவுதான், சாப்பாடு போச்சு, வெயில் காயற நேரம் போச்சு, எதிரி இல்லாத எடத்துல எதுக்குன்னு பயமே குறைஞ்சு போயிடுது. 1835ல கலாபகஸ்ல டார்வின் ஒரு கடல் இகுவானாவைப் பிடிச்சு தண்ணியில தூக்கிப் போட்டாரு, அது நேரா அவர் நின்ன எடத்துக்கே திரும்பி வந்துச்சு, திரும்பப் போட்டாரு, திரும்ப வந்துச்சு. கடல்ல சுறா இருக்கு, கரையில எதிரியே கெடையாதுன்னு அதோட பரம்பரைக்கே பழகிப் போனதாலதான்னு அவரே எழுதி வெச்சிருக்காரு. இப்போ அங்க சில தீவுங்கள்ல நாயும் பூனையும் இருக்கு, வந்து ஏறக்குறைய 150 வருஷம் ஆச்சு. 2007ல வந்த ஒரு ஆராய்ச்சியில, எதிரியையே பார்த்திராத இகுவானாங்களைத் தொரத்திப் பார்த்தாங்க, ரத்தத்துல பதட்ட ஹார்மோன்கூட ஏறல. ஒரு தடவை பிடிச்சு விட்டதுக்கு அப்புறம் ஹார்மோன் ஏறுச்சு, கொஞ்சம் முன்னாடியே ஓடவும் கத்துக்கிச்சு, ஆனா கூடுன தூரம் நாய் பூனைகிட்ட இருந்து தப்பிக்கற அளவுக்கு இல்ல.